பெனிட்டாவின் நான்கு வரிகள்

ஆறு நாளாகக் கப்பலிலிருந்து செய்தி இல்லை. கப்பல் நலம் என்றது கம்பெனி. அதன் சமையல்காரர் செலஸ்டின் நலமா என்று தூத்துக்குடியிலிருந்த மனைவி ரெஜினாவுக்கு யாரும் சொல்லவில்லை.

கப்பலுக்கு ஆங்கிலச் செய்திதான் போகும், வரும். குடும்பத்தில் யார் எழுதினாலும், எழுத்துக்கு மேலே போடும் கொக்கியான அபாஸ்ட்ரபி ஒன்று விட்டுப்போனால் மகள் பெனிட்டாவின் கல்லூரிப் புள்ளியில் ஒன்று குறையும். அவளுக்கு இருந்தது எண்பத்தொன்று, சீட்டு கிடைக்க வேண்டியது எண்பது.

“ஒங்கப்பாக்கு அந்தக் கொக்கிய எங்க போடணும்னே தெரியாதுட்டி. ஒன் சீட்டு போயிரும்னு எழுதாம கெடக்காரு,” என்றாள் ரெஜினா.

“அப்ப நானே மொதல்ல தப்பா எழுதுதேன். அதப் பாத்தா அப்பாவும் பயப்படாம எழுதுவாரு.”

“கிறுக்கி, வேண்டாம்ட்டி!”

பெனிட்டா அப்பாவுக்கு நான்கு வரி எழுதினாள். வரிக்கு ஒன்று வேண்டியிருந்தும் ஒரு கொக்கிகூடப் போடவில்லை. புள்ளி எழுபத்தேழுக்கு இறங்கியது. ரெஜினா ஜெபமாலையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது, வரிக்கு வரி பிழையோடு. ஐந்து நாளாகக் காய்ச்சல், நின்றால் தலை சுற்றுகிறது, இருந்தும் சமைக்கிறேன் என்று எழுதியிருந்தார். புள்ளி மேலும் சரிந்தது.

“மாதாவே, ஒன் சீட்டு...”

“அடுத்த வருஷமும் காலேஜ் இருக்கும்மா,” என்றபடியே பெனிட்டா கம்பெனி மருத்துவரை அழைத்தாள்.