சிவப்புக் கோடு

எல்லாரும் சௌக்கியம்தானே? ஜெசிந்தாவுக்கு மட்டும் தீராத கண் எரிச்சல். ஆய்வக வீடியோவை ஒவ்வொரு படமாக நிறுத்தி, நண்டின் கொடுக்கின் மேல் புள்ளி வைத்தே இரண்டு வருஷம் போயிருந்தது. வெளிச்சம் பட்டால் நண்டு துள்ளுகிறது என்று பேராசிரியர் ஞானதிரவியம் கட்டுரை எழுதினார். அதில் அவள் பெயர் இல்லை.

“புள்ளி வைக்கிறவளுக்கெல்லாம் பேரு போட்டா, வாசல்ல கோலம் போடுறவளுக்கும் போடணுமேம்மா!” என்று சிரித்தார்.

அவள் இருபது படத்துக்கு ஒரு புள்ளி வைத்தால் நடுவிலுள்ளதைக் கணினியே நிரப்பும்படி நிரல் எழுதினாள். தவறிய இடத்தை மட்டும் திருத்தினால் போதும். ஒரு மாத வேலை ஒரு காலையில் முடிந்தது. மிச்சப் பொழுதில், நண்டுத் தொட்டியின் ஓரத்தில் இத்தனை நாளும் அவள் மட்டுமே கவனித்திருந்த இன்னொன்றின் மேலும் புள்ளி வைத்தாள்.

ஆய்வுக் கூட்டத்தில் அந்தப் புள்ளிகளின் வரைபடத்தைத் திரையில் போடச் சொன்னவரே ஞானதிரவியம்தான். ஒவ்வொரு தடவையும் சிவப்புக் கோடு துள்ளிய பிறகே நண்டின் நீலக் கோடு துள்ளியது.

“நீலம் நண்டு. சிவப்பு எதும்மா?” என்றார் வெளியூரிலிருந்து வந்திருந்த நடுவர்.

“தொட்டிக் கண்ணாடியத் தட்டுற விரல் சார். பச்சைக்கல் மோதிரம் போட்டிருக்கு.”

ஞானதிரவியத்தின் வலது கை மெல்ல மேசைக்கு அடியில் இறங்கியது.

உங்கள் பெயரை விட்டவர்களை நீங்கள் என்ன செய்தீர்கள்? ஒளிக்காமல் எழுதுங்கள்.