இடது செருப்பு

முதல் விக்கல் வந்தவுடனே அவள் இடது கால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

கோத்தகிரி மலைப்பாதை. ஆறாவது வளைவு. பின்னால் ஒரு அரசுப் பேருந்து காது கிழிய ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது.

கார் இரண்டாவது முறை விக்கியது.

"போடு," என்றான் கணவன்.

அவள் கையைப் பின்னால் விட்டு, தன் சீட்டுக்குப் பின்புறம் இருந்த பெட்ரோல் பம்பின் தலையில் செருப்பின் குதியால் இரண்டு போடு போட்டாள்.

டிக் டிக் டிக் டிக்.

பம்புக்கு உயிர் வந்தது. கார் ஒன்றுமே நடக்காததுபோல் மேலே ஏறியது.

அறுபத்தேழில் இங்கிலாந்தில் செய்த சிவப்புக் கார். சீட்டு இரண்டு. கூரை கிடையாது. கல்யாணமான மறுவாரம் வாங்கினான். இந்தப் பதினோரு வருடத்தில் அவளுடைய எல்லாச் செருப்புகளும் குதியில்தான் தேய்ந்தன.

"அந்தப் பம்பைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டுங்களேன்" என்று அவள் சொல்லாத மாதம் இல்லை.

"ஒரிஜினல்" என்பான்.

அவ்வளவுதான். மெக்கானிக்குக்கும் அதே பதில், மாமனாருக்கும் அதே பதில். அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரே தம்பியின் கல்யாணம். மாப்பிள்ளைக்கு அக்கா நின்று செய்ய வேண்டிய இணைச்சீர். அந்த நேரத்தில் அக்கா பட்டுப்புடவையோடு காரமடை ரோட்டில் இந்தக் காரைத் தள்ளிக்கொண்டிருந்தாள். செருப்படிக்கும் மசியாத நாள் அது. சித்தப்பா மகளை நிறுத்திச் சீரை முடித்துவிட்டார்கள். ஆல்பத்தில் அவள் இல்லவே இல்லை.

அடுத்த மாதம் அந்தத் தம்பி மகனுக்குக் காதுகுத்து. அதற்காவது நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கூரை வைத்த, கதவு சாத்தினால் சாத்திக்கொள்கிற ஒரு காரில்.

ஒரு வாரம் அவள் பேசாமல் இருந்ததில் அவன் வழிக்கு வந்தான். விற்க ஒப்புக்கொண்டான். கோத்தகிரியில் பல் டாக்டர் போஜராஜன் வாங்கத் தயார். கார் தன் காலில் மலையேறி வர வேண்டும், டாக்டரை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று ஓட வேண்டும். இரண்டே நிபந்தனை.

மேலே போய்ச் சேர்வதற்குள் பதினான்கு முறை அடித்தாள். கை வலித்தது. சந்தோஷமாகவே அடித்தாள்.

டாக்டர் வாசலிலேயே நின்றிருந்தார். காரை ஒரு சுற்று சுற்றி வந்து, பல்லைத் தட்டிப் பார்ப்பதுபோல் பானெட்டைத் தட்டினார். பிறகு அவளுடைய சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

செருப்பு இங்கே நிற்கிறது. கார் அங்கே போகிறது.

தெருக்கோடி வரை போனது. விக்கியது. நின்றுவிட்டது.

அவன் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டாக்டர் காலில் நல்ல கெட்டியான ஷூ. ஆனால் அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, பச்சைக் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

திருட்டு மனுஷன்.

அவள் செருப்பைக் கழற்றினாள். ஓடினாள். கையில் செருப்போடு ஒரு பெண் தன்னை நோக்கி ஓடி வருவதைப் பார்த்த டாக்டர் கதவைத் திறந்து இறங்கிவிட்டார்.

"உங்களை இல்லீங்க," என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டுப் பம்பில் இரண்டு போட்டாள்.

டிக் டிக் டிக் டிக்.

விஷயம் புரிந்ததும் டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்குக் கார் பிடித்துவிட்டது. அவள் நெஞ்சு நிறைந்தது. கூரை, கதவு, காதுகுத்து.

"இதுக்கா இவ்வளவு பாடு?" என்றார் டாக்டர். "முதல் வேலையா இந்தப் பம்பைப் பிடுங்கி எறிஞ்சிடறேன். புதுசு ஒண்ணு வெச்சா அரை மணி நேர வேலை. அப்புறம் யாரும் அடிக்கவே வேணாம்மா."

பதினோரு வருடமாக அவள் சொன்னதைத்தான் அவர் சொன்னார்.

அவன் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். காத்திருந்தாள்.

அவன் வாயைத் திறக்கவில்லை. ஒப்புக்கொண்ட மனுஷன், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

பம்ப் அடித்துக்கொண்டிருந்தது. அவள் அடித்து அடித்து அதன் தலையில் ஒரு குழியே விழுந்திருந்தது. குதியின் அளவுக்கு.

அவளுக்குச் சுருக்கென்றது.

"அதெப்படிங்க பிடுங்குவீங்க?" என்றாள். குரல் ஏன் அப்படி உயர்ந்தது என்று தெரியவில்லை. "அது ஒரிஜினலுங்க."



அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "காப்பியாவது குடிச்சிட்டுப் போங்க," என்றார்.

இறங்கும்போது முதல் வளைவிலேயே விக்கல் வந்தது. அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு சாலையையே பார்த்தான். தோள் மட்டும் குலுங்கியது.

"சிரிச்சீங்கன்னா தெரியும் சேதி," என்றாள். "காதுகுத்துக்கு பஸ்ஸுலதான் போறோம். சொல்லிப்போட்டேன்."

செருப்பைக் கழற்றினாள்.