ரங்கம்மாளின் தலைசுற்றல்

ரங்கம்மாளுக்கு இந்த மாசமும் தலைசுற்றல் வந்துவிட்டது.

காலையில் மரவள்ளிக்கிழங்கு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்தவள்தான். மதியம் சங்கத்துக்கு ஆள் அனுப்பிவிட்டாள், நாளைக்கு ஆஸ்பத்திரி போகணும், வண்டி வேண்டும் என்று.

வடக்கனந்தலுக்கு மேற்கே, கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கிற அந்தச் சின்ன ஊரில் பெண்கள் சேர்ந்து நடத்தும் மருத்துவக் காப்புச் சங்கம் அது. கிழங்கு அறுவடை முடிந்ததும் ஒவ்வொரு குடும்பமும் தன் பங்கைக் கட்டிவிடும். வருஷம் முழுக்க அந்த வீட்டில் யாருக்கு முடியாமல் போனாலும் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டிச் செலவையும் வைத்தியச் செலவையும் சங்கம் பார்த்துக்கொள்ளும்.

அன்று சாயந்தரம் கூட்டத்தில் மலர்விழிதான் ஆரம்பித்தாள். மூட்டை தூக்குறவளுக்கு மாசா மாசம் எங்கிருந்து தலைசுற்றல் வருகிறது என்று கேட்டாள். துணைக்குப் புருஷன் வேறு. ரெண்டு பேரும் டவுனைச் சுற்றிப் பார்க்கப் போகிறார்கள் என்று இன்னொருத்தி சொன்னாள்.

"என் மருமகளுக்கு அடுத்த மாசம் பிரசவம். இருக்கிறதை எல்லாம் இவளே கரைச்சிட்டா, அப்ப சங்கத்துல இன்னா இருக்கும்?" என்றாள் மலர்விழி.

ரங்கம்மாள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில், தலைவி மார்கரெட் கூடப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும், பொய் என்றால் அந்தக் குடும்பத்தைச் சங்கத்தை விட்டு நீக்கிவிடலாம் என்று முடிவானது.

மறுநாள் வண்டியில் ரங்கம்மாள் புருஷன் கொளஞ்சியப்பன் தோளில் சாய்ந்தபடியே வந்தாள். அவன் ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு, மேடு பள்ளம் வரும்போதெல்லாம் வண்டிக்காரரைப் பார்த்து மெதுவாகப் போகச் சொன்னான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ரங்கம்மாளுக்கு பிரஷர் பார்த்தாள். பிறகு, துணைக்கு வந்தவரும் கையை நீட்டுங்க என்றாள். கொளஞ்சியப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினான். டாக்டரம்மா சீட்டு எழுதிக் கொடுத்தார். அவன் மருந்து வாங்குகிற வரிசைக்குப் போனான்.

மார்கரெட் டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டாள். ரங்கம்மாளுக்கு ஒரு குறையும் இல்லை என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

வெளியே வந்ததும் மார்கரெட்டுக்குக் கோபம் தாங்கவில்லை. "ஊருக்குப் போய் நான் இன்னா பதில் சொல்றது?"

"சீக்கு எனக்கு இல்லக்கா. அவருக்கு."

மார்கரெட் அவளை ஓரமாகக் கூட்டிப்போய் விவரம் கேட்டாள்.

ஊரில் மருத்துவ முகாம் போட்டபோது அவனுக்கு பிரஷர் பார்த்த நர்ஸே பயந்துவிட்டாளாம். உடனே கூட்டிப் போகச் சொன்னாளாம். ஆனால் கொளஞ்சியப்பனின் தம்பி ஓர் ஆஸ்பத்திரிக்கு நடந்து போய்ப் பிணமாகத் திரும்பியவன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்தாலே அவன் சாப்பாட்டை விட்டு எழுந்து போய்விடுவானாம்.

"அவருக்குன்னா அசைய மாட்டாரு. எனக்கு முடியலன்னா போட்டது போட்டபடி ஓடியாருவாரு. அதான் நான் படுத்துக்கினேன். டாக்டரம்மாகிட்ட முன்னாலயே சொல்லி வச்சிருக்கேன்."

"மாத்திரை?"

"ரெண்டு பேரும் சேந்து முழுங்கினாதான் எனக்குக் கேக்கும்னு சொல்லியிருக்கேன். எனக்கு சத்து மாத்திரை, அவருக்கு பிரஷர் மாத்திரை."

இதைக் கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாமே என்றாள் மார்கரெட்.

"சொன்னா ராவுக்குள்ள அவரு காதுக்குப் போயிடும்க்கா. அப்புறம் வரமாட்டாரு." ரங்கம்மாள் மார்கரெட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னை இன்னா பேசினாலும் பேசட்டும். சங்கத்தை விட்டு மட்டும் எடுத்துடாதீங்க."

அடுத்த கூட்டத்தில் மார்கரெட் சுருக்கமாகத்தான் பேசினாள். நேரில் பார்த்துவிட்டதாகவும், அந்த வீட்டில் சீக்கு இருப்பது உண்மைதான் என்றும், மருந்தை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்றும் சொன்னாள். மார்கரெட் சொன்னால் ஊரில் மறுபேச்சு கிடையாது. மலர்விழியே எழுந்து போய் ரங்கம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து, இனி மூட்டை தூக்காதே என்றாள்.

கூட்டம் முடிந்து மார்கரெட் வீட்டுக்குப் போகும் வழியில் கொளஞ்சியப்பன் நின்றுகொண்டிருந்தான். சங்கத்தில் தன் பெண்டாட்டியைப் பேசிய பேச்சு தன் காதிலும் விழுந்தது என்றான். தோளில் கிடந்த துண்டை எடுத்து முறுக்கினான்.

"சீக்கு எனக்குத்தான்னு எனக்குத் தெரியும்க்கா. ரெண்டாந்தரம் போனப்பவே தெரிஞ்சிக்கினேன்."

"அப்ப அவகிட்ட சொல்லிட வேண்டியதுதானே? பாவம், இல்லாத சீக்கை வச்சிக்கினு எத்தினி நாளைக்குப் படுத்துக்கினு இருப்பா?"

கொளஞ்சியப்பன் தரையைப் பார்த்தான்.

"சொல்லிட்டா, இனிமே நீயே போயிட்டு வான்னுடுவாக்கா. அவ கையப் புடிச்சிக்காம அந்த ஆஸ்பத்திரிப் படி ஏற எனக்கு பயமா இருக்குது."