மூட்டக் காவல்

கரி மூட்டம் சாம்பலாகி இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. இன்னும் சூடு தணியவில்லை.

அவள் தன் கொட்டகை வாசலில் அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றாள்.

எதிர்க் கொட்டகையில் பஞ்சவர்ணம் தார்ப்பாயை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் வேன் வரும். பஞ்சவர்ணத்தையும் அவள் புருஷன் நாகலிங்கத்தையும் பஸ் நிற்கும் ரோட்டில் இறக்கிவிடும். கரி வியாபாரி நேற்றே சொல்லிவிட்டார். இனி இங்கே அவர்களுக்கு வேலை இல்லை.

வறண்ட கண்மாய்க்குள் இருந்தது இரண்டே குடும்பம். சுற்றிலும் சீமைக்கருவேலம்.

இரண்டும் மிளகாய் பயிரிட்ட குடும்பங்கள். வெவ்வேறு ஊர். இரண்டு ஊரிலும் மழை இல்லை. ஊரில் கதவைப் பூட்டிவிட்டு இங்கே கரி போட வந்தவர்கள்.

வெட்டிய கட்டைகளை வட்டமாக அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மேலே ஈர மண் பூசி, உள்ளே நெருப்பு வைப்பார்கள். அதுதான் மூட்டம். காற்றில்லாமல் வெந்தால் கரி. காற்று புகுந்தால் சாம்பல்.

அதனால் இரவும் பகலும் ஒருவர் மூட்டத்தைச் சுற்றி வர வேண்டும். விரிசல் கண்டால் உடனே மண்ணைக் குழைத்து அடைக்க வேண்டும். காய்ந்த மண் போட்டால் உதிர்ந்து காற்று புகுந்துவிடும்.

மூட்டம் எரிந்த இரவு நாகலிங்கத்தின் முறை.

"தூங்கல மொதலாளி," என்று வியாபாரியிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் இறங்கியது.

"அப்ப மூட்டம் தானா வாயத் தொறந்துச்சாக்கும்?" என்றார் வியாபாரி.

குழந்தையோடு அங்கே நின்ற அவள் அப்போதே பேசியிருக்க வேண்டும்.

பேசினால் வேனில் ஏறுவது அவளும் அவள் கணவனும் குழந்தையுமாக இருக்கும்.

கணவனுக்கும் தெரியும். "நாம போயிட்டா புள்ளைக்கு எங்கிட்டுச் சோறு?" என்றான். இன்று விடியும் முன்பே அரிவாளை எடுத்துக்கொண்டு கண்மாயின் மறுகரைக்குப் போய்விட்டான். வெட்டும் சத்தம்கூடக் கேட்காத தூரம்.

குழந்தை அவள் இடுப்பில் விரல் சப்பிக்கொண்டிருந்தது.

பஞ்சவர்ணம் பாத்திரங்களைச் சாக்குக்குள் போட்டாள். ஒவ்வொன்றையும் சத்தத்தோடு போட்டாள்.

"கல்யாணத்தன்னைக்கு மணவறையிலேயே தூங்குன ஆளு," என்றாள், யாரையும் பார்க்காமல். "எங்கய்யா அப்பவே கேட்டாரு. இந்த மாப்ள என்ன, ஒக்காந்த எடத்துலயே சாயுதுன்னு. இவரு மூட்டத்துக்குக் காவலாம்."

வேறு நாளாக இருந்தால் நாகலிங்கம் விடமாட்டார். "தூங்கல கழுத, ஒன் மூஞ்சியப் பாத்து மயங்கிக் கெடந்தேன்" என்பார். தினமும் இப்படி ஏதாவது. அதைக் கேட்டு, தன் கொட்டகைக்குள் படுத்தபடி அவள் சிரித்திருக்கிறாள். அவள் கணவன் அதிகம் பேசாதவன். இந்த முள்ளுக்காட்டில் அவள் காதில் விழுந்த பேச்செல்லாம் எதிர்க் கொட்டகைப் பேச்சுதான்.

இன்று நாகலிங்கம் கயிற்றைச் சுருட்டினார். சுருட்டியதை அவிழ்த்து மறுபடி சுருட்டினார்.

பிறகு, தலை நிமிராமல்:

"தூங்கித்தான் போயிருப்பேன் போல."

பஞ்சவர்ணத்தின் கை சாக்குக்குள்ளேயே நின்றது.

அவர் மறுத்துப் பேசுவார் என்றுதான் அவளும் இவ்வளவு நேரம் திட்டிக்கொண்டிருந்தாள்.

குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள் எதிரே நின்றவள்.

அன்று இரவு அவர் தூங்கவில்லை. மூட்டத்தின் அந்தப் பக்கம் குனிந்து மண் பூசிக்கொண்டிருந்தார். பேட்டரி லைட் வெளிச்சம் அசைந்துகொண்டே இருந்தது. அதை அவள் பார்த்திருந்தாள்.

பஞ்சவர்ணம் குடத்தைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்தாள். அரைக்குடம் இருந்தது. தண்ணீர் லாரி இனி வியாழக்கிழமைதான்.

"ஒங் கொடத்த எடு தாயி. பஸ்ஸுல இதையும் சொமக்கவா?"

"வேணாம் மதினி."

"வேணாமாம்ல. புள்ளைக்குக் கடவாப் பல்லு மொளைக்குது. காச்சல் கீச்சல் வந்தா என்ன செய்வ? எடு."

ஊற்றினாள். கடைசிச் சொட்டுகள் வடிவதற்காகக் குடத்தைக் கவிழ்த்தபடியே சிறிது நேரம் பிடித்திருந்தாள்.

"எங்களுக்கென்ன, எங்கிட்டாச்சும் போயிருவோம். நீதான் ஒத்தையில கெடக்கணும்." முந்தானையால் கையைத் துடைத்தாள். "அந்தத் தூங்குமூஞ்சி மட்டும் முழிச்சிருந்தா..."

"அண்ணன் தூங்கல மதினி."

"ஒனக்கென்ன தெரியும்?"

நாகலிங்கம் கயிற்றை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

கரையில் புழுதி எழுந்தது. வேன்.

"மூட்டத்தத் தொறந்தது நாந்தான். புள்ள பசியில கத்துச்சு. அடுப்புப் பத்தவைக்கத் தீப்பெட்டி இல்ல. ஓரத்துல குத்தி ஒத்தக் கெழங்கச் சுட்டு எடுத்தேன்."

"மூடலயா?" என்று கேட்டாள் பஞ்சவர்ணம்.

"மூடுனேன்."

பஞ்சவர்ணம் அவள் முகத்தையே பார்த்தாள்.

"காஞ்ச மண்ண அள்ளிப் போட்டு மூடுனேன்."

வேன் சத்தம் நெருங்கியது. அவள் குரலைக் கொஞ்சம் உயர்த்த வேண்டியிருந்தது.

"கொழைக்கத் தண்ணி இருந்துச்சு மதினி. ஒரு செம்பு. ஊத்த மனசு வரல."