வைகாசியை விட்டால் ஆவணி

“தேதியக் கொஞ்சம் தள்ளிப் போட முடியாதாம்மா?”

கான்ட்ராக்டர் மாசிலாமணி இப்படிக் கேட்பது இது முதல் தடவை அல்ல. பொங்கோல் வட்டாரத்தில் வைதேகி வாங்கியிருந்த அடுக்குமாடி வீட்டின் சமையலறையில், பாதி ஒட்டிய டைல்ஸுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். கேபினெட் வரவேண்டிய இடத்தில் வெறும் சுவர்தான் இருந்தது.

“முடியாது அங்கிள்,” என்றாள் வைதேகி. “வைகாசிய விட்டா ஆவணிதான். நடுவுல ஆனியும் ஆடியும். அந்த மாசத்துல யாராவது பால் காய்ச்சுவாங்களா?”

வேறொரு கான்ட்ராக்டராக இருந்தால், ஆனிக்கு என்ன குறைச்சல் என்று கேட்டிருப்பார். மாசிலாமணி சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர் என்றாலும் ராகு காலத்தில் சுவரில் ஓர் ஆணி அடிக்க மாட்டார். முகூர்த்தம் என்று சொல்லிவிட்டால் அவரிடம் மறுபேச்சு கிடையாது. தலையைச் சொறிந்துகொண்டார்.

“கார்பெண்டர் ஆளுங்க புக்கிட் பாத்தோக்ல ஒரு வீட்டுல மாட்டிக்கிட்டாங்க. அந்த வீட்டுக்காரங்களும் வைகாசிதான்னு நிக்கிறாங்க லா.”

“அவங்களப் பத்தி எனக்குத் தெரியாது அங்கிள். எங்க மாமியார் ஊர்லேருந்து வர்றதுக்கு டிக்கெட் எடுத்தாச்சு. ஐயருக்கும் சொல்லியாச்சு.”

அவள் கணவன் வெங்கடேஷ் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். தேதிப் பேச்சு வரும்போதெல்லாம் அவனுக்குக் குழாய் ஞாபகம் வந்துவிடும்.

கான்ட்ராக்டரிடம் வேலை வாங்கும் வித்தையை வைதேகிக்குச் சொல்லிக்கொடுத்தவள் அலுவலகத் தோழி ரோஷினி. தன் வீட்டைப் புதுப்பிக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டவள். சிரித்துப் பேசு, தே தாரிக் டீ வாங்கிக் கொடு, முகத்தைத் தொங்கப் போட்டால் மட்டும் இரங்கிவிடாதே, இன்னொரு வீட்டு வேலை என்று சொன்னால் நம்பவே நம்பாதே என்று ஒவ்வொரு மதியச் சாப்பாட்டின்போதும் பாடம் நடந்தது. இவற்றுக்கெல்லாம் முன்னால் நடந்த முதல் பாடத்தை மட்டும் வைதேகி தன் கணவனைத் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை.

மாசிலாமணியின் கைப்பேசி அடித்தது. வெளியே தாழ்வாரத்துக்குப் போய்த் தணிந்த குரலில் பேசினார். பேசினார் என்பதைவிட, கேட்டுக்கொண்டிருந்தார் என்று சொல்லலாம். திரும்பி வந்தபோது முகம் செத்துப் போயிருந்தது. ரோஷினி சொன்னது எவ்வளவு சரி என்று வைதேகி நினைத்துக்கொண்டாள்.

“அந்த வீட்டுக்காரங்களா அங்கிள்? திட்டுறாங்களா?”

“ஆமாம்மா. அவங்க திட்டுறது நியாயம்தான்.” வெறும் சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார். “சரிம்மா. நாளைக்கு ஆளுங்கள இங்க கொண்டாந்துடறேன். முகூர்த்தம்னு சொல்லிட்டீங்க. அதக் கெடுத்த பாவம் எனக்கு வேணாம்.”

சொன்னபடியே செய்தார். கார்பெண்டர்கள் வந்து இறங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக்கூடாது என்பதால் அன்றைக்குப் பெயின்ட் வேலையை வைத்துக்கொண்டார். வைதேகி சொன்ன முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே வீடு தயாராகிவிட்டது. கேபினெட் கதவுகள் சத்தமில்லாமல் மூடின. சாமி அலமாரி கிழக்கைப் பார்த்து நின்றது. கடைசியில் மாசிலாமணியே துணியை நனைத்துத் தரையைத் துடைத்தார். வைதேகிக்கு உண்மையிலேயே மனசு குளிர்ந்தது.

ரயிலில் வரும்போதே சொல்லிப் பார்த்து வைத்திருந்ததை அவள் ஆரம்பித்தாள். “அங்கிள், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்...”

“நான் முதல்ல சொல்லிடறேம்மா,” என்றார் அவர். “நாளன்னைக்கு உங்க விசேஷத்துக்கு என்னால வர முடியாது. புக்கிட் பாத்தோக் வீட்டுல கேபினெட் பலகை இறக்குறாங்க. நான் நிக்கணும். தப்பா நினைச்சுக்காதீங்க.”

வைதேகிக்கு அப்பாடா என்றிருந்தது. சொல்ல வந்ததை அப்படியே விழுங்கிவிட்டு, பரவாயில்லை என்றாள்.

“அது என் மக வீடும்மா.”

கேபினெட் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்த வெங்கடேஷ் திரும்பிப் பார்த்தான்.

“கல்யாணம் ஆனதுலேருந்து பிடோக்ல மாமியார் வீட்டுல ஒரே ரூம்லதான் இருக்கா. வைகாசில பால் காய்ச்சிடலாம்னு நான்தான் வாக்குக் கொடுத்தேன். ஆளுங்கள அங்கேருந்து இங்க கூட்டிட்டு வந்ததும் பேச்ச நிறுத்திட்டா. யாரோ சொன்ன தேதிக்காகப் பெத்த பொண்ணுக்குக் கொடுத்த வாக்க விட்டுட்டீங்களேப்பான்னு அன்னைக்குக் கேட்டதுதான் கடைசி.”

வைதேகிக்கு நிற்கவே கூசியது. “ஏன் அங்கிள் எங்ககிட்ட சொல்லல?”

“சொன்னா நீங்க சங்கடப்படுவீங்க. மக வீட்ட நான் எப்ப வேணா தள்ளிப் போடலாம். கஸ்டமரோட முகூர்த்தத்தத் தள்ளிப் போடலாமா?” கையிலிருந்த துணியைப் பிழிந்து உதறினார். “நீங்க சொன்ன மாதிரி வைகாசிய விட்டா ஆவணிதானே. ஆவணி முதல் முகூர்த்தம் குறிச்சாச்சு. உங்க மாமியாரையும் கூட்டிக்கிட்டு நீங்க ரெண்டு பேரும் அவசியம் வரணும். எங்களுக்கு வைகாசிய விட்டா வழியில்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். என் மக என்கூடப் பேசிடுவா.”

வெங்கடேஷ் புதுக் குழாயைத் திறந்தான். தண்ணீர் நன்றாகவே வந்தது.

கட்டாயம் வருகிறோம் என்று வைதேகி தன்னையறியாமல் சொல்லிவிட்டாள். மாசிலாமணி கும்பிட்டுவிட்டு லிஃப்ட் பக்கம் நடந்தார். அந்த நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

அவளுடைய மாமியாரின் டிக்கெட்டும் ஐயருக்குச் சொன்ன நாளும் ஆரம்பத்திலிருந்தே ஆவணி முதல் முகூர்த்தத்துக்குத்தான். கான்ட்ராக்டரிடம் எப்போதும் உண்மையான நாளுக்கு ஒரு முகூர்த்தம் முன்னால் தள்ளித்தான் சொல்ல வேண்டும் என்பதுதான் ரோஷினி நடத்திய முதல் பாடம்.