ஓடக்கூடாத காலை

திருச்செல்வத்துக்குப் பசியில்லை, தூக்கமில்லை. தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தான். ரிங்லெட் ஊர் வரை ஓடும் பந்தயத்துக்காக நாள் தவறாமல் மலைச்சாலையில் ஓடிக்கொண்டிருந்தான். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அவன் மனைவி நீலா, விடியலில் அவன் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். படுத்திருந்தவனுக்கு அது ஓடுகிறவனுடையதுபோல் துடித்தது.

“அளவுக்கு மீறி ஓடிட்டீங்க. இப்படியே போனா நெஞ்சு தாங்காது. ஒரு வாரம் பேசாம படுங்க.”

“நான் படுத்தா காளியப்பன் கப்பைத் தூக்கிட்டுப் போயிடுவான்லா!”

“போகட்டும். எனக்கு நீங்க போதும்.”

அவன் ஓடும்போது காலில் போடும் சப்பாத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் விடியலில் அவன் அயர்ந்து தூங்கினான். நாடி மட்டும் அடங்கவில்லை. வெளியே பனிமூட்டத்தில் யாரோ ஓடும் சத்தம் கேட்டது. வலது காலைச் சற்று இழுத்து வைக்கும் அந்த ஓட்டம் அவளுக்குத் தெரியாதா? கதவைத் திறந்தாள். வெறுங்காலோடு, மூச்சிரைக்க, அவனேதான் வாசலைத் தாண்டி ஓடினான். கட்டிலிலும் அவன் இருந்தான்.

நீலாவுக்குப் பயத்தைவிட இரக்கமே வந்தது.

“போதும்ங்க, உள்ள வாங்க,” என்றாள்.

காலடிச் சத்தம் நின்றது. குளிர்ந்த காற்று அவளை உரசிக்கொண்டு உள்ளே நுழைந்தது. கட்டிலில் திருச்செல்வம் கண் திறக்காமலே சுவரோரமாக நகர்ந்து, ஓர் ஆள் படுக்க இடம் விட்டான்.