சுவர் தாண்டிய செல்

"கொஞ்சம் எழுந்திருங்க சார், நான் பாக்கணும்." நாற்காலியில் இருப்பவர்களை மட்டும் எழுந்திருக்கச் சொல்லிவிடாதே என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். ஆய்வுப் படிப்பில் இடம் கேட்டு வந்திருக்கிறேன். நுண்ணோக்கிக்கு அடியில் நான் உரித்து வைத்த வெங்காயத் தோல். அதைப் பார்த்து, செங்கல் அடுக்கியதுபோல் செல்களைத் தாளில் வரைந்திருக்கிறேன். துறைத்தலைவர் அதன்மேல் சிவப்பு மையில் பத்துக்குச் சுழியம் போட்டிருக்கிறார். "கறுப்பு விளிம்போட இவ்ளோ பெரிய செல்லு நடுவுல இருக்கே, கண்ணு தெரியலையாம்மா?"

முணுமுணுத்துக்கொண்டே எழுகிறார். குனிகிறேன். ஜன்னல் வெயில் நுண்ணோக்கியின் கண்ணாடியில் பட்டு என் கண்ணுக்குள் பாய்கிறது. வட்டமாக, மினுமினுப்பாக, உள்ளே ஒன்றுமில்லாமல் கிடக்கிறது அவருடைய செல். தோலை மூடியிருக்கும் மெல்லிய கண்ணாடி மேல்வில்லையை ஊசியால் மெல்ல அழுத்துகிறேன். அது வழுக்கிக்கொண்டு ஒரு சுவரைத் தாண்டுகிறது, இன்னொன்றையும் தாண்டுகிறது.

"இப்ப பாருங்க சார். செல்லு சுவருக்குள்ள அடங்கி நிக்கும். இது ஊர் சுத்துது. வெறும் காத்துக்குமிழி."

பக்கத்திலிருந்த உதவிப் பேராசிரியை எட்டிப் பார்த்துவிட்டு, சிரிப்பை இருமலாக மாற்றப் படாத பாடு படுகிறார். தலைவரின் காது சிவக்கிறது.

"சரி, இடம் உனக்குத்தான். ஆனா என்கிட்ட வேலை பாக்கணும்னா, நான் சொல்றதைத்தான் வரையணும்."

"மார்க்கைத் திருத்துங்க சார்."

சுழியத்துக்கு முன்னால் ஒன்று போடுகிறார். மை காயும்வரை ஊதுகிறேன்.

"இடத்தை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

தாளைப் பையில் வைத்துக்கொண்டு, கதவை அகலத் திறந்துபோட்டுவிட்டு நடக்கிறேன்.